மட்டக்குதிரைகளைப் பார்த்து வருபவர்கள்

ஜனவரி மாதத்துக் காலை. இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், டோவர் நகருக்குப் பக்கத்து வெண்பாறை முகட்டின் மேல் விரிந்து கிடக்கும் புல்வெளி. கடற்காற்று நேரே வந்து முகத்தில் அறைகிறது. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்ட ஒருவர் மேட்டில் நின்று விரல் நீட்டி எண்ணுகிறார். ஒன்பது, பத்து, பதினொன்று. மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறார். பதினொன்றுதான். பன்னிரண்டு இருக்க வேண்டும்.

அவர் எண்ணுவது மட்டக்குதிரைகளை. அவை அவருடையவை அல்ல. யாரும் அவற்றின்மீது ஏறுவதில்லை, வண்டியில் பூட்டுவதில்லை, பந்தயத்தில் விடுவதில்லை. எண்ணிப் பார்ப்பதற்காக அவருக்குச் சம்பளமும் கிடையாது. ஆனாலும் பன்னிரண்டாவது குதிரையைக் கண்ணால் காணாமல் அவர் வீடு திரும்ப மாட்டார்.

நான் விவரித்தது ஏதோ ஒரு நாள், யாரோ ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் இயற்கைக் காப்பகங்கள் பலவற்றில் இப்படி ஒரு தன்னார்வலர் தினமும் மழையிலும் பனியிலும் நடந்துகொண்டிருக்கிறார். அவர் எதற்காக நடக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் குதிரைகள் அங்கே எதற்காக நிற்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தின்றால்தான் பிழைக்கும் நிலம்

இயற்கைப் பாதுகாப்பு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வேலி. ஆடு மாடு நுழையக் கூடாது, ஆள் நடமாட்டம் கூடாது, காடு தன் போக்கில் வளரட்டும் என்று நினைக்கிறோம். பல இடங்களில் அது சரியான நினைப்புதான். மேய்ச்சல் மிஞ்சிப்போய் இளங்கன்றுகள் தலைதூக்க முடியாத காடுகளைக் கண்டவர்களுக்கு, மேயவிட்டுக் காப்பது என்ற பேச்சே விபரீதமாகப் படும்.

ஆனால் எல்லா உயிருக்கும் மரநிழல் ஒத்துக்கொள்வதில்லை. வெயில் தரையில் விழுந்தால் மட்டுமே வாழக்கூடிய செடிகள் உண்டு, எறும்புகள் உண்டு, வண்ணத்துப்பூச்சிகள் உண்டு, திறந்த தரையில் கூடு கட்டும் பறவைகள் உண்டு. அவற்றுக்கெல்லாம் வீடு புல்வெளி. இங்கிலாந்தின் பருவநிலையில் புல்வெளி தானாக நிலைத்து நிற்காது. விட்டுவிட்டால் முதலில் முரட்டுப்புல் உயரும், அதனூடே முட்புதர் கிளம்பும், இருபது முப்பது ஆண்டுகளில் இளமரக் காடாகிவிடும். யாராவது ஒருவர் தொடர்ந்து தின்றுகொண்டே இருந்தால்தான் அது புல்வெளியாக இருக்கும்.

தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளை எடுத்துக்கொள்வோம். அங்கே மேல்மண் சில அங்குலம்தான், சத்தும் குறைவு. அந்தக் குறைவுதான் அதன் செல்வம். கொழுத்த மண்ணில் நாலைந்து புல்வகைகள் ஓங்கி வளர்ந்து மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஏழை மண்ணில் எதற்கும் அந்தப் பலம் வராது. எல்லாம் குட்டையாக, நெருக்கமாக, ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு வளரும். நல்ல சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் வரை எண்ணலாம். மண்டியிட்டுக் குனிந்து பார்த்தால், உள்ளங்கை அகலத்தில் ஏழெட்டு விதமான இலைகள் பின்னிக் கிடக்கும்.

அந்த மண் ஏன் ஏழையாயிற்று என்பதில் நமக்குப் பழக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊரில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள் அல்லவா? அதே வேலையைத்தான் அந்தக் குன்றுப்புற விவசாயிகளும் நூற்றாண்டுக் கணக்கில் செய்துவந்தார்கள். பகல் முழுவதும் குன்றின்மேல் மேய்ந்த ஆடுகளை இரவில் அடிவாரத்து வயலில் பட்டி கட்டி அடைப்பார்கள். குன்றில் தின்றது வயலில் புழுக்கையாக விழும். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் குன்றின் சத்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. வயல் கொழுத்தது, குன்று மெலிந்தது. அந்த மெலிந்த மண்ணில் ஆர்க்கிட் பூத்தது.

இருபதாம் நூற்றாண்டில் ரசாயன உரம் வந்ததும் இந்தக் கணக்கு முறிந்தது. உழக்கூடிய சரிவுகளை உழுதார்கள். உழ முடியாதவற்றைக் கைவிட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சமவெளிப் பகுதிகளில் உரம் படாத பழைய புல்வெளிகளில் 97 விழுக்காடு, 1930-களுக்கும் 1984-க்கும் இடையில் அழிந்துபோயிற்று. மிச்சமிருந்த சரிவுகளில் கொஞ்ச காலம் முயல்கள் புல்லைக் கட்டையாக வைத்திருந்தன. 1953-இல் மிக்சோமட்டோசிஸ் என்னும் வைரஸ் நோய் பிரிட்டனுக்குள் நுழைந்தது. ஓரிரு ஆண்டுகளில் முயல்கள் பெரும்பாலும் மடிந்தன. அதற்குப் பிறகு தின்பதற்கு ஆளில்லை.

புல் இரண்டு அங்குலம் கூடுதலாக வளர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அதற்கு ஒரு வண்ணத்துப்பூச்சி பதில் சொல்கிறது. பெருநீலம் என்று அழைக்கத்தக்க அந்த நீலச் சிறகிப் பூச்சி தைம் என்னும் மணமூலிகைப் பூவில் முட்டையிடும். வெளிவரும் புழு சில வாரம் அந்தப் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். அங்கே ஒருவகைச் செவ்வெறும்பு அதைத் தன் குஞ்சு என்று எண்ணிக் கூட்டுக்குத் தூக்கிப் போகும். ஏறத்தாழ பத்து மாதம் எறும்பின் குஞ்சுகளைத் தின்றபடி புழு அந்தக் கூட்டுக்குள்ளேயே வளரும். எந்த எறும்பு என்றாலும் சரி என்று அதனால் இருக்க முடியாது. குறிப்பிட்ட ஓர் இனம்தான் வேண்டும். அந்த எறும்புக்கோ சூடான மண் வேண்டும். புல் மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் வெயில் மண்ணைத் தொடும். அதற்கு மேல் உயர்ந்தால் மண் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துவிடும். அந்த எறும்பு இடத்தைக் காலி செய்ய, வேறு எறும்பு குடியேறும். அதன் கூட்டில் புழு பிழைப்பது அரிது.

இந்தச் சங்கிலியை ஜெரமி தாமஸ் என்ற பூச்சியியலாளர் 1970-களில் கண்டுபிடித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. வேலி போட்டும், பூச்சி பிடிப்பவர்களைத் தடுத்தும் காப்பாற்ற முயன்ற இடங்களில்கூட ஆடு மாடுகளை வெளியே நிறுத்தியதால் புல் உயர்ந்து, 1979-இல் பெருநீலம் பிரிட்டனிலிருந்து அற்றுப்போனது. அக்கறையோடு போட்ட வேலியே அதைக் கொன்றது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகிறது. 1980-களில் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். இம்முறை மாடுகளையும் மட்டக்குதிரைகளையும் முன்கூட்டியே மேயவிட்டு, புல்லைக் கட்டையாக்கி, எறும்பு பெருகிய பிறகுதான் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அது நிலைத்தது.

பாதுகாப்பு மேய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். பாலுக்காகவும் இறைச்சிக்காகவும் மேய்ப்பதில் விலங்கு கொழுக்க வேண்டும். நிலம் அதற்குத் தீவனம். பாதுகாப்பு மேய்ச்சலில் நிலம் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறார்கள். அதற்கேற்றபடி எந்த விலங்கு, எத்தனை, எந்த மாதம், எத்தனை வாரம் என்பது அமைகிறது.

ஏன் மட்டக்குதிரை?

புல்வெட்டும் இயந்திரம் போதாதா என்பது நியாயமான கேள்வி. இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே உயரத்துக்குச் சிரைத்துவிடும். அன்று அந்தப் புல்லில் இருந்த முட்டை, புழு, கூடு எல்லாம் அதோடு போகும். குதிரை நிதானமாகத் தின்கிறது. நாளில் 15, 16 மணி நேரம்கூட மேயும். ஆனால் வாய்வாயாக, தேடித் தேடி.

விலங்குக்கு விலங்கு வாய் வேறு. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கைச் சுழற்றிப் புல்லைக் கற்றையாகப் பிடித்து இழுத்து அறுக்கும். அதனால் கொஞ்சம் அடிக்கட்டை நிற்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் உண்டு. கத்தரிக்கோல் போலத் தரையோடு சேர்த்து நறுக்கும். மாடு அசைபோடும் விலங்கு. தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். குதிரையின் வயிறு அப்படி இல்லை. அது நாரைச் செரிப்பது பின்குடலில். ஒவ்வொரு கவளத்திலிருந்தும் அது எடுக்கும் சத்து குறைவு. அதை அளவால் ஈடுகட்டுகிறது. சத்தில்லாத காய்ந்த முரட்டுப்புல்லைத் தின்றே உடம்பைத் தாங்கிக்கொள்ள அதனால் முடியும். சுண்ணாம்புக் குன்றில் அழிய வேண்டியதும் அந்த முரட்டுப்புல்தான்.

இன்னொரு பழக்கம் மிக உதவியானது. மட்டக்குதிரைகள் லத்தி போடுவதற்கென்று சில இடங்களை ஒதுக்கிவைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் மேயாது. ஆகவே சில பட்டைகள் புல்தரை விரித்தது போலவும், சில பட்டைகள் அடர்ந்து உயர்ந்தும் நிற்கும். கட்டைப் புல்லில் எறும்பு, உயரப் புல்லில் சிலந்தியும் எலியும், எலியைத் தேடி ஆந்தை. சத்தும் குன்று முழுவதும் பரவாமல் அந்தச் சில இடங்களிலேயே குவிகிறது.

டோவர் முகட்டில், இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை மேயவிட்டிருப்பது எக்ஸ்மூர் இனம். தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன், சாமர்செட் மாவட்டங்களின் எல்லையிலுள்ள எக்ஸ்மூர் மேட்டுநிலம் அதன் தாயகம். தோள் உயரம் ஒரு வளர்ந்த ஆளின் நெஞ்சு மட்டம்தான். உடம்பு பழுப்பு, மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் மாவில் முகம் புதைத்து எடுத்தது போல வெளிர்நிறம். கண்ணுக்கு மேலும் கீழும் சதை தடித்து நிற்பதால் மழைநீர் கண்ணுக்குள் இறங்காது. குளிர்காலத்தில் இரட்டை ரோமம் வளரும்: உள்ளே கம்பளிபோல மென்மையானது, வெளியே எண்ணெய்ப் பசையோடு நீளமானது. பனி பெய்யும்போது இதன் முதுகில் படிந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும். உடம்பின் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இந்த இனத்தில் சுமார் 50 குதிரைகளே எஞ்சியிருந்தன. மேரி எத்தரிங்டன் என்ற பெண்மணியும் எக்ஸ்மூர்ப் பகுதி விவசாயிகளும் மறுபடி பெருக்கினார்கள். அருகிவிட்ட ஓர் இனத்துக்கு அருகிவிட்ட நிலத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஈரநிலத்துக்கு வேறு இனம் பொருந்தும். கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள விக்கன் ஃபென், நேஷனல் டிரஸ்ட் 1899-இல் முதல் துண்டு நிலத்தை வாங்கிய சதுப்புநிலக் காப்பகம். அங்கே 2001 முதல் போலந்து நாட்டு வழிவந்த கோனிக் குதிரைகள் மேய்கின்றன. சாம்பல் நிறம், முதுகுத்தண்டு நெடுகக் கறுப்புக் கோடு. கோனிக் என்றால் போலிஷ் மொழியில் சின்னக் குதிரை என்றே பொருள்.

விட்டுவிடுவதும் பார்த்துக்கொள்வதும்

குளிரைத் தாங்கும், முள்ளைத் தின்னும், தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்றால் அவற்றை அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். தோன்றியது மட்டுமில்லை, நெதர்லாந்தில் அதைச் செய்தும் பார்த்தார்கள்.

கடலடி நிலத்தை மீட்டு உண்டாக்கிய ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்ற காப்பகத்தில் 1983-இல் ஹெக் என்ற முரட்டு இன மாடுகளையும், அடுத்த ஆண்டு கோனிக் குதிரைகளையும், 1992-இல் செம்மான்களையும் விட்டார்கள். தீவனம் போடுவதில்லை, எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. இயற்கை தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்ளட்டும் என்பது கொள்கை. சுற்றிலும் வேலி இருந்தது. விலங்குகள் பெருகின, புல் பெருகவில்லை. வேறு மேய்ச்சல் தேடிப் போக வழியும் இல்லை. 2017-18 குளிர்காலத்தில் 3,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் இறந்தன. அவற்றில் பெரும்பாலானவை, பிழைக்க மாட்டா என்று கண்டு காவலர்களே சுட்டவை. பொறுக்க முடியாத மக்கள் வேலிக்கு மேலாக வைக்கோல் கட்டுகளை வீசினார்கள். பிறகு கொள்கை மாற்றப்பட்டது. விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைக்க முடிவாயிற்று.

அந்தப் பரிசோதனையால் சூழலியலுக்குக் கிடைத்த பாடங்கள் உண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வேலி போட்ட கணத்திலேயே அந்த விலங்கு காட்டு விலங்கு என்ற நிலையை இழந்துவிடுகிறது; அதன் பசிக்கும் நோவுக்கும் வேலி போட்டவர் பொறுப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் இந்தப் பொறுப்பை எழுத்தில் வைத்திருக்கிறது. ஒரு விலங்கை வைத்திருப்பவர் அதற்குத் தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, துணையோ தனிமையோ அதற்குத் தேவையானது, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றைத் தர வேண்டும்.

இந்தப் பொறுப்பை நிறைவேற்ற முதலில் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். காப்பகப் பொறுப்பாளர் ஒருவர், அவரிடம் ஏழெட்டு இடங்கள், இடத்துக்கு இடம் பத்துப் பதினைந்து மைல். ஒவ்வொரு நாளும் எல்லா இடத்துக்கும் அவரால் போக முடியாது. தன்னார்வலர்கள் தேவைப்படுவது இங்கேதான்.

இந்த வேலைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பழைய பெயர் உண்டு. கென்ட் பக்கத்து ராம்னி சதுப்புநிலத்தில் பலருடைய ஆடுகளைக் கூலிக்குப் பார்த்துக்கொண்டவர்களை லுக்கர் என்று அழைத்தார்கள். அவர்கள் தங்கிய சிறு செங்கல் குடில்கள் சில இன்றும் நிற்கின்றன. சசெக்ஸில் அதையே லுக்கரர் என்பார்கள். பிரைட்டன் நகராட்சி தன் குன்றுகளில் மேயும் ஆடுகளைப் பார்த்துவரத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரும்போது இந்தப் பெயரையே பயன்படுத்துகிறது. பொருள், பார்ப்பவர் என்பதுதான். நம் மொழியிலும் 'பார்த்துக்கொள்' என்றுதானே சொல்கிறோம்! குழந்தையை, வயோதிகரை, வயலை ஒப்படைக்கும்போது நாம் சொல்லும் அந்த ஒரு சொல்லில் சோறூட்டுவதும் மருந்து கொடுப்பதும் எல்லாம் அடக்கம். ஆனால் முதலில் நிற்பது பார்வை.

என்ன பார்க்கிறார்கள்?

முதல் வேலை எண்ணிக்கை. கேட்க எளிது, புதர் மண்டிய சரிவில், ஒரே நிறத்தில், நகர்ந்துகொண்டே இருக்கும் பன்னிரண்டு உருவங்களை எண்ணிப் பார்த்தால் தெரியும். ஒன்று குறைந்தால் அது வேலி தாண்டியிருக்கலாம், பள்ளத்தில் விழுந்திருக்கலாம், படுத்து எழ முடியாமல் கிடக்கலாம். கூட்டமாக வாழும் விலங்கு தனியே விலகி நிற்பதே ஒரு செய்தி.

எண்ணி முடித்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நின்று. அவசரமாகக் கிட்டப் போனால் எல்லாமே தலைதூக்கி விறைப்பாக நிற்கும். நோவு உள்ளதும் அதை மறைத்துக்கொள்ளும். வேட்டையாடப்பட்ட இனத்தின் பழக்கம் அது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். அப்போது பார்க்கலாம்: கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கில் சளி வடிகிறதா, உடம்பில் காயம் இருக்கிறதா, நடக்கும்போது தலை மேலும் கீழும் ஆடுகிறதா? நிற்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி நின்றால் ஓய்வெடுக்கிறது என்று பொருள். முன்னங்காலை அப்படித் தளர்த்தி வைத்தால் அந்தக் காலில் வலி. இந்த ஒரு வேறுபாட்டைக் கற்றுக்கொண்ட ஒருவர் பெரிய துன்பம் ஒன்றை இரண்டு நாள் முன்னதாகவே கண்டுபிடித்துவிடலாம்.

வசந்தத்தில் அந்தக் கண் இன்னும் கூர்மையாக வேண்டும். ஏழைப் புல்லுக்குப் பழகிய உடம்புக்கு ஏப்ரல், மே மாதத்து இளம்புல்லின் சர்க்கரை நஞ்சுக்குச் சமம். குளம்புக்குள் இருக்கும் மெல்லிய திசு வீங்கும். லேமினைட்டிஸ் என்பது அந்த நோய். வீங்குவதற்கு அங்கே இடமில்லாததால் வலி கடுமையாக இருக்கும். குதிரை தன் எடையைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி, முன்னங்கால்களை முன்னே நீட்டி, முள்ளின்மேல் நிற்பது போல நிற்கும். கண்டவுடன் பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் வருவார். குதிரையைப் புல் குறைந்த இடத்துக்கு மாற்றுவார்கள்.

புதியவர்களுக்குப் புரிய நாளாகும் ஒரு விஷயம், மெலிவு. மார்ச் மாதத்தில் மட்டக்குதிரை கொஞ்சம் மெலிந்திருப்பதே ஆரோக்கியம். கோடையில் சேர்த்த கொழுப்பைக் குளிரில் கரைப்பதற்குத்தான் அதன் உடம்பு அமைந்திருக்கிறது. கரையாமல் வசந்தத்துக்குள் நுழைந்தால்தான் குளம்பு நோய்க்கு வழி. எங்கே நல்ல மெலிவு முடிந்து கெட்ட மெலிவு தொடங்குகிறது என்று சொல்ல 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது: 0 என்றால் எலும்புக்கூடு, 5 என்றால் ஊளைச்சதை. கழுத்து, விலா, இடுப்பு மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். குளிர்கால ரோமம் விலாவை மறைத்துவிடும் என்பதால், வாரக்கணக்கில் அதே குதிரையைப் பார்த்து வருபவருடைய கண்தான் நம்பகமானது.

பிறகு தண்ணீர். தொட்டியில் மேலே உறைந்த பனித்தட்டை உடைத்து எடுத்து வெளியே போட வேண்டும். உள்ளேயே விட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மிதவை வால்வு அடைத்திருக்கிறதா என்று ஒரு குவளை நீரை எடுத்துக் கொட்டிப் பார்க்கலாம். வேலியைச் சுற்றி நடக்கும்போது கம்பி தளர்ந்திருக்கிறதா, யாராவது வாயிற்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார்களா என்று பார்க்கிறார்கள்.

கோடையில் ராக்வர்ட் என்னும் மஞ்சள் பூச்செடியைப் பிடுங்குவதும் தன்னார்வலர் வேலை. அதன் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். பச்சையாக இருக்கும்போது கசக்கும் என்பதால் குதிரை தொடாது. வெட்டிப்போட்டு வாடிவிட்டால் கசப்புப் போய்விடும், நஞ்சு போகாது. எனவே பிடுங்கியதை அங்கேயே போட்டுவிட்டு வரக் கூடாது. அதேநேரம் சின்னபார் என்ற சிவப்பு அந்துப்பூச்சியின் மஞ்சள் கறுப்பு வரிப் புழு அதைத் தின்றுதான் வளர்கிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டுவதும் இல்லை.

லத்தியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குடற்புழு நீக்கும் மருந்து கொடுத்தால் குதிரைக்கு நல்லது. ஆனால் ஐவர்மெக்டின் வகை மருந்துகளின் மிச்சம் லத்தியோடு வெளியேறி அதில் வளரும் சாணவண்டுகளின் புழுக்களைக் கொல்கிறது. வண்டு செத்தால் லத்தி மட்காமல் தங்கும். வண்டைத் தின்னும் வௌவாலுக்கும் பறவைக்கும் இரை போகும். யாருக்காகக் குதிரையைக் கொண்டுவந்தோமோ அவற்றையே கெடுத்ததாகிவிடும். அதனால் கண்மூடித்தனமாக மருந்து கொடுப்பதில்லை. தன்னார்வலர் ஒருவர், ஒரு குதிரை லத்தி போடும்வரை காத்திருந்து, சூடு ஆறுவதற்குள் ஒரு பிடி எடுத்துப் பையில் கட்டி, எந்தக் குதிரை என்று எழுதி அனுப்புகிறார். ஆய்வகத்தில் ஒரு கிராமில் எத்தனை புழுமுட்டை என்று எண்ணுவார்கள். பொதுவாக 200-ஐத் தாண்டினால்தான் அந்தக் குதிரைக்கு மருந்து. பனியில் நின்று லத்திக்காகக் காத்திருப்பது பெருமைக்குரிய வேலையாக யாருக்கும் தோன்றாது. எனக்குத் தோன்றுகிறது: ஒரு குதிரையின் நலத்தையும் ஒரு வண்டின் நலத்தையும் ஒரே நேரத்தில் எண்ணிப் பார்க்கிற செயல் அது.

தொடாமல் காக்கும் பாசம்

தன்னார்வலர்களுக்குச் சொல்லித்தரும் முதல் விதி நம் பழக்கத்துக்கு நேர் எதிரானது: கையால் எதுவும் ஊட்டக் கூடாது. ஒரு கேரட்டால் என்ன வந்துவிடும் என்று வழிப்போக்கர்கள் கேட்கிறார்கள். வருவது இதுதான்: மனிதர் கையில் தீனி உண்டு என்று கற்றுக்கொண்ட குதிரை மனிதரைக் கண்டதும் ஓடிவரும், சட்டைப்பையை முகரும், தராவிட்டால் கடிக்கும். குழந்தை ஒன்று கடிபட்டால் அந்தக் குதிரையை அங்கிருந்து அகற்ற நேரிடும். தீனிக்காகக் கார் நிறுத்துமிடத்தருகே காத்து நிற்கும் குதிரை, மேய வேண்டிய சரிவில் மேயாது. சிலர் வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய புல்லை மூட்டையாகக் கொண்டுவந்து அன்போடு கொட்டிவிட்டுப் போகிறார்கள். குவிந்த புல் சில மணி நேரத்தில் புளித்துச் சூடாகிவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வயிற்றை உப்பச்செய்து உயிரையே எடுக்கலாம். எனவே தன்னார்வலரின் வேலையில் பாதி, சந்திக்கும் மனிதர்களிடம் பொறுமையாகப் பேசுவது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளச் சொல்வதும் அதில் அடக்கம்.

இங்கே நம் கடற்கரையையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில், 1967-இல் சரணாலயமான அந்தப் புல்வெளியிலும் மட்டக்குதிரைகள் திரிகின்றன. எப்போதோ மனிதரிடமிருந்து பிரிந்து தாமே பெருகியவை. ஆனால் அங்கே கதை வேறு. அந்தப் புல் வெளிமான்களுக்கு வேண்டியது. குதிரைகள் அதில் பங்கு கேட்கின்றன. சீமைக் கருவேல நெற்றுகளைத் தின்னும் கால்நடைகளின் சாணத்தில் விதை முளைத்துப் புல்வெளியை விழுங்கும் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே நெடுந்தீவில், ஐரோப்பியர் ஆட்சிக் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை வறண்ட தரையில் மேய்கின்றன. கடும் வறட்சியில் தண்ணீரின்றி அவை மடிந்தது உண்டு. டோவரில் நன்மை செய்கிற அதே விலங்கு, இடம் மாறினால் போட்டியாளராகவும் தாகத்தில் தவிக்கும் உயிராகவும் ஆகிவிடுகிறது. எத்தனை குதிரையை எங்கே எத்தனை நாள் வைப்பது என்ற கணக்கும், அதைத் தினமும் சரிபார்க்கும் ஆளும் இருந்தால்தான் அந்த மேய்ச்சலைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியும்.

சேர விரும்புகிறவருக்குக் குதிரையேற்றம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காப்பகத்தை நடத்தும் அமைப்பு ஒரு நாள் பயிற்சி தரும். பழைய தன்னார்வலர் ஒருவரோடு சில முறை நடக்கச் சொல்லும். வாரத்தில் உங்கள் முறை எந்த நாள் என்று பட்டியலில் எழுதும். மேடுபள்ளத்தில் ஒரு மணி நேரம் நடக்கும் கால், நல்ல காலணி, தொலைபேசி, தூரத்திலிருந்து பார்க்க ஒரு தொலைநோக்கி. முதல் மாதம் எல்லாக் குதிரையும் ஒன்றுபோலத் தெரியும். பிறகு ஒன்றின் பிடரி எந்தப் பக்கம் விழுகிறது, எது எதை விரட்டும், எது யாருக்குப் பின்னால் நடக்கும் என்று மெல்ல மெல்லப் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும்.

அந்த ஜனவரிக் காலையில் முகட்டில் நின்றவர் சரிவில் இறங்கி, வேலியோரமாக அரைமணி நேரம் நடக்கிறார். கோர்ஸ் முட்புதர் ஒன்றின் மறைவில், காற்று படாத பள்ளத்தில் பன்னிரண்டாவது குதிரை படுத்திருக்கிறது. முதுகில் இரவுப்பனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அவர் இருபது அடி தள்ளியே நிற்கிறார். குதிரை காதைத் திருப்புகிறது. முன்னங்கால்களை ஊன்றி எழுகிறது. உடம்பை ஒருமுறை உதறிவிட்டுக் கூட்டத்தை நோக்கி நடக்கிறது. தலை ஆடுகிறதா என்று அது மேடேறும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஆடவில்லை. கையுறையைக் கழற்றி, குறிப்பேட்டில் எழுதுகிறார்: காலை 9.40. பன்னிரண்டும் இருக்கின்றன. தொட்டியில் பனி உடைத்தேன். வடக்கு வேலியில் ஒரு கம்பி தளர்வு.